புகார் முதலில் யார் கைக்குப் போகிறது?

(பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2016 டிசம்பர் 15. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அணி, மெரூன் சீருடையோடு தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் வந்து நின்றது. மூத்த வீரர் ஒருவர் அறிக்கை வாசித்தார். தோழர்கள் பத்துப் பேரை நிர்வாகம் இடைநீக்கம் செய்திருக்கிறது. அந்த உத்தரவைத் திரும்பப் பெறும்வரை அணி பயிற்சிக்கு வராது, ஆண்டிறுதியில் சான் டியேகோவில் நடக்கவிருந்த ஹாலிடே பவுல் ஆட்டத்துக்கும் போகாது. இப்பிள்ளைகளைப் பற்றி இதுவரை இவ்வளவு பெருமைப்பட்டதில்லை என்று பயிற்சியாளர் ட்ரேசி க்ளேஸ் ட்விட்டரில் எழுதினார்.

நடந்தது என்ன? செப்டம்பர் 2 அதிகாலையில், பலர் சேர்ந்து தன்னை வன்கொடுமை செய்ததாக ஒரு மாணவி புகார் கொடுத்திருந்தார். வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லையென்று அரசு வழக்கறிஞர் அக்டோபரில் கைவிட்டார். பல்கலைக்கழகமோ தன் விதிகளின்படி தனியாக விசாரித்து 80 பக்க அறிக்கை ஒன்றைத் தயாரித்தது. இடைநீக்கம் அதன் விளைவு. டிசம்பர் 16 அன்று உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் அந்த அறிக்கையை வெளியிட்டது. மறுநாள் காலையிலேயே புறக்கணிப்பு முடிவுக்கு வந்தது. பெண்கள் மீதான வன்முறைக்குத் தங்கள் அணியில் இடமில்லை என்று அதே வீரர்கள் சொன்னார்கள். முறையான விசாரணை நடக்கும் என்று நிர்வாகம் உறுதி கொடுத்திருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அறிக்கையை எடுத்துப் படிக்கும் முன்பே ஓர் அணி மொத்தமாகத் திரண்டு நின்றது, அதன் பயிற்சியாளர் ஊரறியப் பாராட்டினார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. புகார் கொடுத்த அந்தப் பெண் அதே வளாகத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் க்ளேஸ் வேலையை இழந்தார்.

விளையாட்டு வீரர்கள் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் வரும்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன என்பதே இன்றைய பொருள். சட்டம், நிபுணர் குழு, விழிப்புணர்வு முகாம் என்று பேசப் பல உண்டு. ஆனால் கடந்த கால் நூற்றாண்டின் பெரிய வழக்குகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. புகாரை முதலில் கையில் வாங்குகிறவர் யார்? அவர் அந்த ஆட்டக்காரர் களமிறங்குவதால் பலன் பெறுகிறவரா, இல்லையா?

அமெரிக்கச் சூழலை அறியாதவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது பணம். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது கல்லூரி ஆண்டு விழாப் போட்டி போன்றதன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் ஆளுநருக்குக் கிடையாது. பல்கலைக்கழகக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளருக்குத்தான். தொலைக்காட்சி ஒப்பந்தம், பழைய மாணவர் நன்கொடை, புதிய மாணவர் சேர்க்கை எல்லாம் அணியின் வெற்றியோடு பிணைந்திருக்கின்றன. பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் சனிக்கிழமை ஆடுவானா மாட்டானா என்பதில் அவ்வளவு பேருடைய பிழைப்பு இருக்கிறது.

இரண்டாவது சட்டம். 1972இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒரு பிரிவுக்கு டைட்டில் நைன் என்று பெயர். அரசு நிதி பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும் பாலின அடிப்படையில் யாரும் ஒதுக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் 37 சொற்கள்தாம். அதில் விளையாட்டு என்ற சொல்லும் இல்லை, வன்கொடுமை என்ற சொல்லும் இல்லை. பெண்களுக்கு ஆடுகளத்தைத் திறந்துவிட்ட சட்டமாகவே அது முதலில் புகழ்பெற்றது. 1977இல் யேல் பல்கலைக்கழக மாணவிகள் தொடுத்த வழக்கு, பாலியல் துன்புறுத்தலும் கல்வியை மறுப்பதுதான் என்ற வாதத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1999இல் உச்ச நீதிமன்றம், சக மாணவர் செய்யும் துன்புறுத்தலுக்கும் பள்ளி பொறுப்பேற்க நேரும் என்றது. ஆனால் கடினமான நிபந்தனைகள் வைத்தது: நிறுவனத்துக்கு விஷயம் உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் வேண்டுமென்றே அலட்சியமாக இருந்திருக்க வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டும் என்றால், யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? பயிற்சியாளருக்குத் தெரிந்தால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்ததாகுமா? இந்தக் கேள்வியில்தான் பல வழக்குகள் பிழைத்தன, சில மடிந்தன.

2014இல் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் 440 கல்லூரிகளுக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்து வெளியிட்டார். நாடு தழுவிய மாதிரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கல்லூரிகள், விளையாட்டு வீரர்கள் தொடர்புடைய பாலியல் வன்முறைப் புகார்களின் மேற்பார்வையை விளையாட்டுத் துறையிடமே கொடுத்திருந்தன. மறைக்கக்கூட இல்லை, எழுதிக் கொடுத்த பதில் அது. ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு விசாரணைகூட நடத்தாத கல்லூரிகள் நாற்பது சதவீதத்துக்கு மேல். அறிக்கை வந்த சில வாரங்களில், கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, விளையாட்டுத் துறைகள் இத்தகைய விசாரணைகளுக்கு ஒத்துழைக்க வேண்டுமே தவிர அவற்றை நடத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டது.

அப்படி நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரத்தின் பேய்லர் பல்கலைக்கழகத்தைவிட விரிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

பேய்லர் ஒரு பாப்டிஸ்ட் திருச்சபைக் கல்வி நிலையம். அந்த ஆண்டுகளில் வளாகத்தில் மதுவுக்கு இடமில்லை; திருமணத்துக்கு வெளியே உடலுறவு நடத்தை விதி மீறல். அதன் கால்பந்து அணி நெடுங்காலம் தோல்விக்குப் பேர்போனது. 2008 பருவத்தில் ஆர்ட் பிரைல்ஸ் பயிற்சியாளராக வந்தார். 2011இல் அணியின் குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹெய்ஸ்மன் விருது பெற்றார். 2013இல் அணி தன் லீகின் சாம்பியன் ஆனது. 2014இல் பிராசோஸ் ஆற்றங்கரையில் புதிய அரங்கம் எழுந்தது. அதிபர் கிளின்டனை விசாரித்த கென் ஸ்டார்தான் அப்போது பல்கலைக்கழகத் தலைவர்.

அதே ஆண்டுகளில் இன்னொரு வரிசையும் ஓடிக்கொண்டிருந்தது. 2014 ஜனவரியில் அணியின் முன்னாள் வீரர் ஒருவருக்கு வன்கொடுமை வழக்கில் 20 ஆண்டுச் சிறை. 2015 ஆகஸ்டில் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்த இன்னொரு வீரர் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தபோது, டெக்சாஸ் மந்த்லி இதழில் ஜெசிக்கா லூதரும் டான் சாலமனும் எழுதிய கட்டுரைதான் நாட்டை எழுப்பியது. பல்கலைக்கழகம் பெப்பர் ஹாமில்டன் என்ற சட்ட நிறுவனத்தை விசாரிக்க அமர்த்தியது.

2016 மே 26 அன்று பல்கலைக்கழக ஆட்சிக் குழு வெளியிட்ட முடிவுகள் 13 பக்கம். முழு அறிக்கை என்று ஒன்று எழுதப்படவே இல்லை; வழக்கறிஞர்கள் ஆட்சிக் குழுவிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆனாலும் அந்த 13 பக்கங்களே போதும். புகார் சொல்ல வந்த பெண்களைக் கால்பந்துத் துறை ஊழியர்கள் நேரில் சந்தித்திருந்தார்கள். வந்த புகாரை உரிய அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. பயிற்சியே இல்லாதவர்கள் தாங்களாகவே விசாரித்து, பெண்கள் சொன்னதை நம்பத் தகாதது என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கையைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மாணவர் ஒழுங்குக் குழுவுக்கோ போலீசுக்கோ விஷயம் போகாமல் திருப்பிவிட்டிருந்தார்கள். புகார் கொடுத்தவரை ஒரு நிர்வாகி பழிவாங்கியதாகவும் ஒரு கண்டறிதல் உண்டு. இத்தகைய புகார்களைக் கவனிக்க வேண்டிய முழுநேர டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் 2014 நவம்பரில்தான் முதன்முதலாக நியமிக்கப்பட்டிருந்தார்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்த வளாகத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். விருந்துக்குப் போனேன் என்று சொன்னாலே மதுவிதியை மீறியவள் ஆகிறாள். ஆணின் அறையில் இருந்தேன் என்றால் இன்னொரு விதி. பெற்றோருக்குக் கடிதம் போகுமோ என்ற அச்சம் வேறு. இவ்வளவையும் தாண்டி அவள் வாய் திறந்தால், எதிரில் அமர்ந்து கேட்பவர் அந்த வீரனை ஊர் ஊராகத் தேடிப்போய் அழைத்து வந்த ஆள். அவளுக்கு என்ன நீதி கிடைத்திருக்க முடியும்?

பிரைல்ஸ் நீக்கப்பட்டார். ஸ்டார் தலைவர் பதவியை இழந்தார். விளையாட்டுத் துறை இயக்குநர் இயன் மெக்கா விலகினார்; அதே ஆண்டு நவம்பரில் லிபர்ட்டி பல்கலைக்கழகம் அவருக்கு அதே பதவியைக் கொடுத்தது. பிரைல்ஸின் கணக்கு 1.5 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. 2011 முதல் 17 பெண்கள் 19 வீரர்கள் மீது புகார் சொல்லியிருந்ததாக ஆட்சிக் குழுவினர் அந்த அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு என்.சி.ஏ.ஏ. விசாரித்தது. ஐந்தாண்டு கழித்து, 2021 ஆகஸ்டில் முடிவு வந்தது. வீரர்களுக்கு மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகை கொடுத்தால்தான் அந்த அமைப்பின் விதி மீறப்பட்டதாகும். பேய்லரிலோ புகார்களை அலட்சியம் செய்வது வளாகம் முழுவதும் பரவியிருந்தது. ஆகவே வீரர்களுக்குத் தனிச் சலுகை என்று நிறுவ முடியவில்லை என்றது குழு. பல்கலைக்கழகம் அறநெறியில் தவறியது என்று வருந்தி எழுதியும், வன்கொடுமை விஷயத்தில் விதி மீறல் இல்லையென்றே தீர்த்தது. வேறு சில மீறல்களுக்காக நான்கு ஆண்டுக் கண்காணிப்பும் 5,000 டாலர் அபராதமும் விதித்தது. எல்லா மாணவிகளையும் சமமாகக் கைவிட்டதால் ஒரு நிறுவனம் தப்பித்துக்கொள்ள முடிகிறது என்றால், அந்த விதிப் புத்தகத்தைத் திருத்தி எழுதியே ஆக வேண்டும்.

பேய்லர் மட்டும் கெட்டது, மற்றவை நல்லவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில், நட்சத்திர குவாட்டர்பேக் மீது ஒரு மாணவி சொன்ன புகார் 2013 ஜனவரியிலேயே விளையாட்டுத் துறை அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. டைட்டில் நைன் அலுவலகத்துக்கு அவர்கள் அதை அனுப்பவில்லை. அவ்வீரர் குற்றச்சாட்டை மறுத்தார். வழக்குப் பதிவாகவில்லை, 2014 டிசம்பரில் நடந்த பல்கலைக்கழக விசாரணையும் அவர் விதி மீறியதாக முடிவு செய்யவில்லை. ஆனால் நேரத்தே நடந்திருக்க வேண்டிய அந்த விசாரணை இரண்டாண்டு தள்ளிப்போனது யாருக்கும் நன்மை செய்யவில்லை, அந்த வீரருக்குக்கூட. 2016இல் 9,50,000 டாலர் கொடுத்துப் பல்கலைக்கழகம் மாணவியின் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

ஓரிகனில் நடந்தது வேறு மாதிரி. 2014 மார்ச்சில் மூன்று கூடைப்பந்து வீரர்கள் மீது புகார் வந்தது. அவர்களில் இருவர் அம்மாதமே தேசியப் போட்டியில் ஆடினார்கள். போலீஸ் விசாரணை முடியும்வரை பொறுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டோம் என்றது பல்கலைக்கழகம். வழக்குப் பதிவாகவில்லை, வீரர்கள் மே மாதத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மாணவி பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டபோது, வளாக மனநல ஆலோசனை மையத்தில் இருந்த அவருடைய சிகிச்சைக் கோப்பை நிர்வாகம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது வெளிவந்தது. மையத்தின் ஊழியர்களே வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அழுதுகொண்டே ஆலோசகரிடம் சொன்னதை எதிர்த் தரப்பு வழக்கறிஞர் படிக்கக் கூடும் என்றால் எந்தப் பெண் அந்த மையத்தின் படியேறுவாள்? 2015இல் 8,00,000 டாலருக்கு வழக்கு முடிந்தது; ஓரிகன் சட்டமன்றமும் அத்தகைய கோப்புகளைக் காக்கச் சட்டம் இயற்றியது.

அந்த மூவரில் ஒருவர், முந்தைய கல்லூரியில் இதே வகைப் புகாரின்பேரில் இடைநீக்கம் செய்யப்பட்ட பின் ஓரிகனுக்கு வந்தவர். இந்த இடமாற்றம் தனி நோய். 2019 டிசம்பரில் யுஎஸ்ஏ டுடே நாளிதழ் வெளியிட்ட புலனாய்வில், பாலியல் குற்றத்துக்காக ஒரு கல்லூரியில் தண்டிக்கப்பட்டும் வேறு கல்லூரிக்கு மாறி விளையாடியவர்கள் 2014 முதல் குறைந்தது 28 பேர் என்று தெரிந்தது.

இதற்கெதிராகப் போராடுபவர்களில் முன்னணியில் இருப்பவர் ப்ரெண்டா ட்ரேசி. 1998இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் கோர்வாலிஸ் நகரத்தில் நால்வர் தன்னை வன்கொடுமை செய்ததாக அவர் போலீசிடம் சொன்னார். இருவர் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள். பயிற்சியாளர் மைக் ரைலி அவர்களுக்குக் கொடுத்த தண்டனை ஓர் ஆட்டம் விளையாடத் தடை. மருத்துவப் பரிசோதனையில் எடுத்த தடயப் பெட்டியைக் காலக்கெடு முடியும் முன்பே போலீஸ் அழித்துவிட்டது. பதினாறு ஆண்டு கழித்து, 2014இல் ட்ரேசி தன் பெயரோடு ஒரு நாளிதழில் பேசினார். 2016இல் ரைலியே தாம் அப்போது பயிற்சி கொடுத்துவந்த நெப்ராஸ்கா அணியிடம் பேச அவரை அழைத்தார். ஓர் ஆட்டத் தடை விதித்தவர் அந்தப் பெண்ணைத் தம் வீரர்கள் முன் நிறுத்திப் பேசச் சொன்னது சாதாரணக் காரியமல்ல; அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். அன்று முதல் அணி அணியாகப் போய்ப் பேசினார், விதிகளை மாற்றச் சொன்னார். 2020இல் என்.சி.ஏ.ஏ. ஒரு படி இறங்கி வந்தது: ஒவ்வொரு வீரரும் தம் மீது இத்தகைய விசாரணையோ தண்டனையோ உண்டா என்று ஆண்டுதோறும் கல்லூரியிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பின் சேர்ப்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் விருப்பம்.

இதுவரை சொன்னவற்றில் வீரர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அவர்களே பாதிக்கப்பட்டவர்களாக நின்ற இடங்களிலும் அதே கதவு, அதே பூட்டு.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் லாரி நாசரைப் பற்றி 1997இலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் சொன்னதாகப் பெண்கள் பின்னாளில் சாட்சியம் அளித்தார்கள். 2014இல் ஒரு புகார் டைட்டில் நைன் அலுவலகத்துக்கே போனது. மருத்துவக் கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்கள் அதே பல்கலைக்கழகத்தவர்கள், நாசருக்கு அறிமுகமானவர்கள். அவர் செய்தது முறையான சிகிச்சை என்று முடிந்தது. அவர் திரும்பவும் நோயாளிகளைப் பார்த்தார். 2016இல் இண்டியானபொலிஸ் ஸ்டார் நாளிதழில் செய்தி வந்த பிறகே வேலையை இழந்தார். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள்; 40 முதல் 175 ஆண்டுவரை சிறை. பல்கலைக்கழகம் 332 பேருக்காக 50 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ பாதிக்கப்பட்டவர்கள் ஆண்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற மருத்துவர் 177 மாணவர்களை, அவர்களில் பலர் மல்யுத்தம் போன்ற விளையாட்டுகளின் வீரர்கள், இரு பத்தாண்டுகளில் துன்புறுத்தியதாக 2019 விசாரணை அறிக்கை கண்டது. பயிற்சியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவரின் நியாயத்தையும் பேசாமல் இந்தப் பொருள் முழுமையாகாது. 2006இல் டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் வீரர்கள் மூவர் மீது வன்கொடுமை வழக்குப் போடப்பட்டது. பருவம் ரத்தானது, பயிற்சியாளர் பதவி விலக வேண்டியதாயிற்று. ஓராண்டு கழித்து, மூவரும் குற்றமற்றவர்கள் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரே அறிவித்தார். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் தொழில் உரிமத்தை இழந்தார். அங்கே பல பேராசிரியர்களும் பத்திரிகைகளும் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். மினசோட்டாவில் இடைநீக்கம் செய்யப்பட்ட பத்துப் பேரும் கறுப்பின மாணவர்கள் என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்க வரலாற்றில் அந்த நிறத்தவர் மீது இந்தக் குற்றச்சாட்டு எப்படியெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அவர்களுடைய அச்சம் புரியும். ஆனால் பயிற்சியாளரிடம் விசாரணையை விட்டால் இந்த அச்சம் தீருமா? உண்மையிலேயே குற்றம் செய்யாத வீரனுக்கும் தேவைப்படுவது, வெற்றி தோல்வியில் அக்கறை இல்லாத ஒருவர் கொடுக்கும் தீர்ப்பு. அணி கொடுக்கும் நற்சான்றை அரங்கத்துக்கு வெளியே யாரும் நம்புவதில்லை.

விதிகளோ ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன. 2011இல் ஒபாமா அரசு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவுகோலே போதும் என்று கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதியது. 2017இல் ட்ரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்று, 2020இல் நேரடி விசாரணையும் குறுக்கு விசாரணையும் கட்டாயம் என்றது. பைடன் அரசு 2024இல் மாற்றியதை 2025 ஜனவரியில் கென்டக்கியில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்ய, மறுபடியும் 2020 விதிகள். ஒரே மாணவி முதலாண்டில் ஒரு விதியிலும் நான்காமாண்டில் வேறு விதியிலும் படிக்கிறாள்.

நல்ல உதாரணம் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதுவும் முழு ஆறுதல் தருவதில்லை. 2013 ஜூனில் டென்னசியின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், விடுதிக் கதவு உடைந்ததைப் பற்றி விசாரிக்கக் கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்த்த அதிகாரிகள், நினைவிழந்த ஒரு பெண்ணைக் கால்பந்து வீரர்கள் தூக்கிச் செல்வதைக் கண்டார்கள். உடனே போலீசுக்குச் சொன்னார்கள். நான்கு வீரர்களும் சில நாட்களில் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் மூவருக்கு 15 முதல் 17 ஆண்டுவரை சிறை. அந்த இரவில் தாழ்வாரத்தில் அவளைக் கிடந்த நிலையில் பார்த்துவிட்டுப் போன மாணவர்கள் உண்டு. யாரும் சொல்லவில்லை. அங்கே நீதி கிடைத்ததற்குக் காரணம், சாட்சி ஒரு கேமரா என்பதும், அது விளையாட்டுத் துறையின் கையில் இல்லை என்பதும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த அவையில் இருக்கலாம். டைட்டில் நைன் குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. மாணவர் விசாவில் இருப்பவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இப்போது நடப்பில் உள்ள 2020 விதிகளின்படி, ஒரு பேராசிரியரிடமோ பயிற்சியாளரிடமோ சொன்னதால் மட்டும் பல்கலைக்கழகத்திடம் சொன்னதாகிவிடாது. டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளரிடமோ நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவரிடமோ போய்ச் சேர வேண்டும். வேறு எந்தெந்த ஊழியர் கேட்டதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதைக் கல்லூரிகளே முடிவு செய்துகொள்ளலாம்.

டெக்சாஸ் மாநிலம் அந்த முடிவைக் கல்லூரிகளிடம் விடவில்லை. பேய்லர் தந்த அதிர்ச்சிக்குப் பின், 2019இல் அம்மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது; 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ, பயிற்சியாளர் உட்பட எந்த ஊழியரும் மாணவர் தொடர்பான பாலியல் வன்கொடுமை பற்றித் தெரிந்துகொண்டால் டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வேலை போகும், குற்ற வழக்கும் வரும். மறைக்கும் நோக்கம் இருந்ததாக நிரூபணமானால் ஓராண்டுவரை சிறை. ரகசியம் காக்கும் கடமை உள்ள மனநல ஆலோசகர் போன்றவர்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு. பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பாடுபடுகிறவர்களிலேயே சிலர் இச்சட்டத்தை ஏற்கவில்லை. நம்பிக்கையான ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேச வந்த பெண், தன் விருப்பமின்றியே விசாரணைக்குள் இழுக்கப்படுவாள், அதற்கஞ்சி யாரிடமும் பேசாமலே இருந்துவிடுவாள் என்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, வளாகந்தோறும் ரகசிய ஆலோசகர்களை அதிகமாக நியமிப்பதும், ஓரிகனில் நடந்ததுபோல் அவர்களுடைய கோப்பில் யாரும் கைவைக்க முடியாமல் செய்வதும்தான். பயிற்சியாளருக்கு அந்த விலக்கைக் கொடுக்கக் கூடாது.